அரை டன் குளிர்

காலை ஆறே காலுக்கு அந்தப் படம் வந்தது.

அக்கா வேனைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். டேஷ்போர்டின் மேல் கிடந்த போன் நடுங்கியது. துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் நீளமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி. காற்று வர நான்கு வாய்கள். ஓரத்தில் இரண்டு அலுமினியக் குழாய்கள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. படத்தின் அடியில் யாருடைய கால்களோ, ஒன்றின் மேல் ஒன்றாக, வெகு சொகுசாக.

விரலால் படத்தை விரித்தாள். குழாய்கள் இடப்பக்கம். அவள் வேனுக்கு வேண்டிய இடப்பக்கமேதான். உடனே கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“நிஜமாவா?”

“நிஜமாத்தான் அண்ணி. அதே மாடல், அதே வருஷம்.”

“உடைஞ்சிருக்கா?”

“உடையறதாவது. ஓடிக்கிட்டிருக்கு.”

“பழைய இரும்புக் கடையில எப்படி ஓடும்?”

“அதைச் சொன்னா, காலங்காத்தாலயே தண்ணி போட்டுட்டான்னு நினைப்பீங்க. வண்டியை எடுத்துட்டு வாங்க.”

துடைப்பத்தை எங்கே போட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. வீட்டுக்குள் ஓடி, தங்கையின் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“கிடைச்சிருச்சுடி.”

“கண்ணால பார்த்தியா?”

“படத்துல பார்த்தேன்.”

“படம் சாட்சி ஆகாது. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. கதவைச் சாத்து, குளிர் போகுது.”

தங்கையை அந்தத் தெருவே ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடும். யார் என்ன சொன்னாலும் தீர்ப்பில்தான் முடிப்பாள். விழுவதற்கு முன்பும் அப்படித்தான். மாடிப்படியில் வழுக்கிக் கழுத்தெலும்பு நொறுங்கி, மார்புக்குக் கீழே உடம்பு உறங்கிப்போன பிறகும் அப்படித்தான். கைகள் ஓரளவு சொன்னபடி கேட்கும். விரல்கள் போனை அழுத்தும். ஆனால் உடம்பு வியர்க்காது. மற்றவர்களுக்கு வெயில் என்றால் எரிச்சல். அவளுக்கு வெயில் என்றால் உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும் காய்ச்சல். அதனால் அவள் உலகம் ஒரு அறையளவு. அந்த அறையின் ஜன்னலில் அரை டன் ஏசி ஒன்று இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும்.

அந்த அறைக்குள் இருந்துகொண்டு அவள் ஒரு காரியம் செய்தாள். வினாடி வினாப் போட்டி. போன் வழியாக நான்கு பேர் கொண்ட ஒரு குழு. ‘அரைகுறைகள்’ என்று பெயர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. விளையாட்டாகத் தொடங்கியது, சுற்றுக்குச் சுற்று ஜெயித்து, இறுதிப்போட்டியில் வந்து நின்றது. இறுதிப்போட்டிக்கு போன் செல்லாது. சனிக்கிழமை, பெருநகரத்தில், மேடையில், நேரில் உட்கார வேண்டும். நாள் முழுக்க ஓட வேண்டிய தூரம்.

வேன் இருந்தது. அக்காவின் பிழைப்பே அதுதான்; ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்குவது. சக்கர நாற்காலி ஏற, பின்பக்கம் சாய்பலகையும் வைத்தாகிவிட்டது. நாற்காலியைப் பூட்டும் கொக்கிகள் பின்னால்தான். ஆனால் முன்பக்க ஏசியின் குளிர் இரண்டாவது வரிசையோடு நின்றுவிடும். பின்பக்க ஏசி என்று ஒன்று இருந்ததை, பெட்டிகள் ஏற்ற இடம் வேண்டும் என்று முந்தைய சொந்தக்காரர் பிடுங்கி எறிந்திருந்தார். குழாய்களை அறுத்து மூடி போட்டிருந்தார். கூரையில் காற்று வரும் ஓட்டைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார், நினைவுச் சின்னம் மாதிரி.

கொழுந்தன் வண்டி ஏசி பழுது பார்ப்பவன். அண்ணன் கப்பலில் வேலை பார்க்க, அண்ணிக்கு வண்டி சம்பந்தமான எல்லாத் தலைவலிக்கும் அவன்தான் மருந்து. வால்வு புதிதாகவே கிடைத்தது. குழாய்களை அவனே செய்து வேனின் அடிவயிற்றில் ஓட்டிவிட்டான். காற்றடிக்கும் மோட்டார் வேறு மாடலிலிருந்து வந்து பொருந்திக்கொண்டது. நடுவில் வைக்க, காற்றைக் குளிரவைக்கும் ‘காயில்’ பெட்டி மட்டும் இல்லை. கம்பெனியில் கேட்டால், “அந்த மாடலா? அது நின்னு போய் எவ்வளவு காலம் ஆச்சு!” என்று துக்கம் விசாரிப்பது போலப் பேசினார்கள். ஒருவர் விற்ற காயில் ஒரு ஜாண் நீளம் அதிகம். இன்னொன்றைத் திறந்தால் உள்ளே எலிக்குடும்பம்.

இப்போது படத்தில் ஒன்று. ஓடிக்கொண்டு.

*

பழைய இரும்புக் கடையின் உள்ளே, அடுக்கிய கதவுகளுக்கும் பம்பர்களுக்கும் நடுவே, சக்கரம் இல்லாத ஒரு வேன் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அக்காவின் வேனுக்குக் கூடப்பிறந்தது. பக்கவாட்டில் மின்மோட்டார் ஒன்று, பட்டை மாட்டி, தடதடவென்று எதையோ சுற்றிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, வேனின் கதவை இழுத்துத் திறந்தான். முகத்தில் குளிர் அடித்தது.

“கதவைச் சாத்துங்க, குளிர் போகுது” என்றார் உள்ளே இருந்தவர்.

அதே வாக்கியம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஏறிச் சாத்தினாள்.

அதுதான் கடைக்காரரின் ஆபீஸ். பின்சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்த கால்கள். தலைக்கு மேல் அந்தச் சாம்பல் பெட்டி சில்லென்று ஊதிக்கொண்டிருந்தது. வண்டி எஞ்ஜின் போய்விட்டது; கம்ப்ரஸரை மட்டும் கழற்றாமல், கரண்ட் மோட்டாரைக் கட்டி ஓட்டுகிறார்.

“நானே செஞ்சது” என்றார். “பட்டை மட்டும் அப்பப்ப அறுந்துக்கும்.”

“இந்தப் பெட்டி எங்களுக்கு வேணும்” என்றாள் அக்கா. சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

“கேட்டான் உங்க ஆளு. இதைக் கொடுத்துட்டு நான் என்ன அப்பளமா காயறதா? வெளிய பார்த்தீங்கல்ல? எல்லாம் தகரம். பத்து மணிக்கு மேல இங்க கோழி உக்காந்தா முட்டை வெந்தே வரும்.”

“வேற யார்கிட்டயும் இல்லீங்க. நாடு முழுக்கத் தேடிட்டோம்.”

“அப்படின்னா கொடுக்கவே கூடாது.”

கொழுந்தன் இடையில் புகுந்தான். “முதலாளி, குளிர்தானே வேணும்? இந்தத் தடதடப்பே இல்லாம வேற ஏற்பாடு பண்ணினா?”

அவர் யோசித்தார். திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி இல்லை, அட்டை ஒட்டியிருந்தது. எழுந்து கையை விரித்து அளந்தார். அகலம் அளந்தார், உயரம் அளந்தார்.

“ஜன்னல் ஏசி ஒண்ணு வைக்கலாம். ஆனா இப்போ வர்றதெல்லாம் பெரிய சைஸ். இந்த ஓட்டைக்குள்ள போகாது, என் கரண்ட் லைனும் தாங்காது. முன்னாடி ஒண்ணு வந்துச்சு பாருங்க, அரை டன். சின்னப் பெட்டி. அது கிடைச்சா வாங்க, இதை நானே கழட்டித் தர்றேன். ஆனா முதல்ல என்னுது குளிரணும். அப்புறம்தான் உங்களுது.”

அக்கா உற்சாகமாகக் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். ஒரு அரை டன் ஏசி, அது எங்கே கிடைக்காமல் போகும்?

கொழுந்தன் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன?”

“கடையில அதெல்லாம் நிறுத்திட்டாங்க அண்ணி.”

“பழசு?”

“பழசு ஒண்ணு எனக்குத் தெரியும். நான்தான் மாட்டினேன்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

“முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றாள் அக்கா.

“யாரைக் கேட்டுச் சொன்ன?” என்றாள் தங்கை.

“இதுல கேக்க என்ன இருக்கு? இதைக் கழட்டிக் கொடுத்துட்டு, அந்தக் காயில் ஒழுகுச்சுன்னா? வண்டியிலயும் குளிர் இல்ல, வீட்டுலயும் இல்ல. வெளிய வெயில் எப்படிக் கொளுத்துது தெரியுமா?”

“தெரியாது. அதான் பிரச்சினையே.”

கொழுந்தன் கதவில் சாய்ந்து நின்றான். “புது ஏசி ஒண்ணு பின்னாடி வாங்கி மாட்டிக்கலாம் ஜட்ஜம்மா. அண்ணன் அடுத்த மாசம் கப்பல்ல இருந்து இறங்கினதும். ஆனா சனிக்கிழமைக்குள்ள முடியாது. ஜன்னலை இடிச்சுப் பெருசாக்கணும்.”

“நடுவுல எத்தனை நாள் உடம்புல ஈரத்துண்டு?”

“நாள் கணக்கு எல்லாம் கேக்காதீங்க.”

“ஐஸ்” என்றாள் தங்கை. அவனுக்கு அவள் வைத்த பெயர். “அந்தக் காயிலை நீ ஓட ஓட பார்த்தியா?”

“பார்த்தேன். சில்லுனு இருந்துச்சு.”

“ஒழுகற காயில் அப்படி ஊதுமா?”

“ஊதாது. ஆனா கழட்டி மாட்டறப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது. பழசு. வயசானவங்களைக் கட்டில் மாத்திப் படுக்க வைக்கிற மாதிரி.”

தங்கை ஜன்னல் பெட்டியைப் பார்த்தாள். அது எப்போதும் போல முனகியது.

“இந்த ரூமை எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள். “சுவர்ல எத்தனை வெடிப்பு, எந்த வெடிப்பு எந்த நாட்டு மேப் மாதிரி இருக்கு, எல்லாம் மனப்பாடம். அந்த மூணு பேர் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது அக்கா. ஒருத்தர் பதில் சொல்றதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைப்பார். அவரைத் தொப்பை வச்ச ஆளுன்னு நினைச்சு வச்சிருக்கேன். சரியான்னு பார்க்கணும்.”

“ஒரு தொப்பைக்காகவா?”

“தீர்ப்பு சொல்லியாச்சு. கழட்டுங்க.”

“மேல்முறையீடு?” என்றான் கொழுந்தன்.

“கிடையாது.”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. வெப்பத்தால் அல்ல. விழுந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் வாதாட அவளிடம் வக்கீல் இல்லை.

*

வியாழக்கிழமை விடிவதற்குள் ஏசியைக் கழற்றினார்கள். ஜன்னலில் சதுரமாக ஓட்டை விழுந்தது. முனகல் நின்றுபோன அறை வேறு யாருடைய அறையோ போல இருந்தது. அக்கா மேசை மின்விசிறியைப் படுக்கைக்கு அருகே வைத்து, வாளித் தண்ணீரில் துண்டுகளை ஊறப்போட்டாள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைத் தங்கையின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொழுந்தன் ஏசியை எடுத்துக்கொண்டு போனவன், காயில் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“குளிருது, குளிருதுன்னு அவர் ஒரே ஆட்டம். சத்தமே இல்லையாம். இனிமே தூக்கம் வந்துரும்னு பயப்படறார்.”

“அதை விடு. இது?”

“வாங்க பார்ப்போம்.”

துணி ஊறவைக்கும் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தார்கள். காயிலின் ஒரு குழாயை அடைத்து, இன்னொன்றில் காற்றை ஏற்றி, முழுக்க மூழ்கவைத்தான். ஓட்டை இருந்தால் குமிழி வரும். இருவரும் தொட்டிக்கு மேல் குனிந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

ஒரு குமிழி வந்தது.

அக்கா இன்னும் குனிந்தாள். கொழுந்தன் விரலால் தகடுகளைத் தடவிவிட்டான். “இடுக்குல நின்ன காத்து அண்ணி. மூச்சு விடுங்க.”

“வந்துச்சா?” உள்ளேயிருந்து குரல்.

“ஒண்ணே ஒண்ணு!”

“ரெண்டாவது?”

பார்த்தார்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அக்காவின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்து அதைக் கலைத்தது. வேறு எதுவும் கலைக்கவில்லை.

“இல்ல!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு வேலை பறந்தது. வேனை வீட்டு வாசலுக்கு நேராக, மூக்கு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினாள். அவன் பின்னால் பெட்டியைப் பொருத்தினான். நான்கு போல்ட்டும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி தயங்காமல் உள்ளே போயின. புதுக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளாமல் சேர்ந்தன. பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தான். பானெட்டைத் தூக்கி, உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்து, அதில் போட்ட எடைக்கு, தராசில் வைத்து, கிராம் பிசகாமல் குளிரவைக்கும் கேஸை ஏற்றினான். கண் மதிப்பில் கேஸ் ஏற்றுபவர்களை அவனுக்குப் பிடிக்காது. கம்பெனி ஸ்டிக்கர் பொய் சொல்லாது என்பான்.

அக்கா எஞ்ஜினை முடுக்கினாள். கொழுந்தன் பின்னால் ஏறினான்.

“வருது அண்ணி! காத்து வருது!”

அவள் இறங்கி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். காற்று வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அது வாசலில் அடிக்கிற காற்றுதான். வேகமாக, அவ்வளவே.

“கொஞ்சம் ஓடட்டும்” என்றான்.

ஓடவிட்டார்கள். முன்பக்கம் குளிர்ந்தது. பின்பக்கம் இல்லை. அவன் குழாய்களைத் தொட்டான். வால்வைத் தொட்டான். காதை வைத்துக் கேட்டான். “எல்லாம் சரியா இருக்கே” என்றான், யாரையோ கெஞ்சுவது போல.

வெயில் சுவரில் இறங்கிவிட்டது. அக்கா உள்ளே போய்த் துண்டை மாற்றினாள். எடுத்த துண்டு சூடாக இருந்தது. வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் காட்டாமல் திருப்பி வைத்தாள்.

“திருப்பி வைக்காதே. எவ்வளவு?”

“கொஞ்சம் ஏறியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்டி. அங்கே குளிரா இருக்கும்.”

“அங்கே போனா சனிக்கிழமை விடமாட்டாங்க. என்னை ஜன்னல் பக்கம் தள்ளு.”

“வெயில் அடிக்குது.”

“நிழல்ல தள்ளு. பார்க்கணும்.”

நாற்காலியில் உட்காரவைத்து, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றி, அக்கா அவளை ஓட்டைக்கு அருகே தள்ளினாள். ஏசி இருந்த இடத்தில் இப்போது தெரு இருந்தது. தெருவில் வாயைப் பிளந்த வேன். வேனுக்குள் தலையை விட்டபடி கொழுந்தன்.

தங்கை பார்த்தாள். ஒரு மேடைக் கேள்வியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வாய் காய்ந்திருந்தது; கண்கள் மட்டும் ஓடின.

“ஐஸ். நம்ம வண்டி வெள்ளைதானே?”

“வெள்ளை.”

“அப்புறம் ஏன் பானெட்டுக்கு உள்பக்கம் பச்சையா இருக்கு?”

“அது நம்ம பானெட் இல்ல. அண்ணி கேட்ல கொண்டு போய் இடிச்சாங்கல்ல? வேற வண்டியோடதை நான்தான் மாட்டி, வெளிய மட்டும் வெள்ளை அடிச்சு...”

அங்கேயே நின்றது அவன் வாய்.

“அந்தப் பச்சை வண்டிக்குப் பின்னாடி ஏசி இருந்துச்சா?” என்றாள் தங்கை.

கொழுந்தன் ஸ்டிக்கரைப் பார்த்தான். தராசைப் பார்த்தான். பிறகு தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டான்.

“இல்ல. அது முன்பக்கம் மட்டும் உள்ள வண்டி. அறிவு கெட்டவன் நான்! ரெண்டு காயிலுக்கு ஒரு காயிலோட கேஸைப் போட்டிருக்கேன். பின்னாடி போய்ச் சேர்றதுக்குள்ள தீர்ந்து போகுது. பந்தியில கடைசி வரிசைக்குச் சாப்பாடு இல்லாத மாதிரி.”

“நான் இடிச்சதைப் பத்தி ஒரு வார்த்தை கூட மறக்கல, இதை மறந்துட்டான் பாரு” என்றாள் அக்கா. “சரியான அளவு எவ்வளவு?”

“ரெண்டு ஏசி வண்டியோட ஸ்டிக்கர்ல இருக்கும். அது எங்கே...”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

“முதலாளி, உங்க ஆபீஸோட பானெட்டைத் திறந்து உள்ள ஒட்டியிருக்கிறதைப் படிங்க.”

“ஏம்மா, இப்பத்தான் கண்ணசந்தேன். ஆபீஸுக்குள்ள குளிருது, வெளிய கொதிக்குது. என்னை வெளிய போகச் சொல்றீங்களா?”

“ஓடுங்க முதலாளி!”

அவர் ஓடியதும், தகரம் மிதிபட்டதும், பானெட் முனகித் திறந்ததும் போனில் கேட்டன. துரு ஏறிவிட்டது, எழுத்துத் தெரியவில்லை என்று புலம்பினார். எச்சில் தொட்டுத் துடையுங்கள் என்றான் கொழுந்தன். துடைத்தார். படித்தார். ஏற்கனவே ஏற்றியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கொழுந்தன் கேஸ் உருளையைத் தராசில் வைத்தான். அக்கா எஞ்ஜினை உறுமவிட்டாள். குழாய் வழியாகக் கேஸ் சீறிக்கொண்டு போனது. பின்னால் ஏறிக் கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“என்ன ஆச்சு?” என்று ஜன்னல் ஓட்டையிலிருந்து ஜட்ஜம்மா கேட்டாள்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிரீஸ் படிந்த கையை மறுபடியும் அந்த நான்கு வாய்களுக்கு முன்னால் பிடித்தாள். விரல் நுனிகள் விறைத்தன. முழங்கை வரை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

“தள்ளிக்கிட்டு வா!” என்று கத்தினாள் கொழுந்தனைப் பார்த்து. “அவளைத் தள்ளிக்கிட்டு வா சீக்கிரம்!”

சாய்பலகையில் நாற்காலி ஏறியது. கொக்கிகள் பூட்டிக்கொண்டன. கதவைச் சாத்தினார்கள். தங்கை கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, அந்தக் காற்றைக் குடித்தாள். நெற்றி முடி பறந்தது. அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து வெப்பமானியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏறுவது நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

“எப்படி இருக்கு?” என்றான் கொழுந்தன்.

“பரவாயில்ல” என்றாள் ஜட்ஜம்மா. “கொஞ்சம் குளிர் அதிகம்.”

அவன் வண்டிக்குள்ளேயே ஒரு குதி குதித்தான். தலை கூரையில் இடித்தது. மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

“சரி, வெயில் தாழ்ந்ததும் உள்ள போகலாம்” என்றாள் அக்கா. “நாளைக்குக் கிளம்பணும். துணி எடுத்து வைக்கணும்.”

“உள்ள போய்?” என்றாள் தங்கை.

அக்கா வீட்டைப் பார்த்தாள். ஜன்னலில் சதுர ஓட்டை. அதன் வழியாக வெயில் தங்கையின் படுக்கை மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“அங்கே தங்கற ரூம்ல ஏசி இருக்கு. போற வழியெல்லாம் ஏசி இருக்கு. இங்கதான் இல்ல” என்றாள் தங்கை. “இப்பவே கிளம்பு அக்கா.”

“இப்படியேவா? உடம்பெல்லாம் கிரீஸ்டி.”

“மேடை ஏறப்போறது நீ இல்ல.”

கொழுந்தன் ஏற்கனவே ஸ்பானர்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். “நானும் வர்றேன். வழியில ஏதாவது மக்கர் பண்ணினா ஆள் வேணும். அண்ணி, துணிப்பை எங்கே இருக்கு? நான் எடுத்துட்டு வந்து வீட்டைப் பூட்டிடறேன்.”

அவன் ஓடினான். அக்கா முன்னால் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது. வெயிலில் நிற்கும் தெருவை, மரத்தை, கயிற்றில் காயும் துணியை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவது போல. கொழுந்தன் பையோடு வந்து ஏறினான். கதவை அறைந்து சாத்தினான். வேன் மெல்ல உருண்டு, தெருமுனை திரும்பியது.

“அக்கா, போய்ச் சேர்ற வரைக்கும் எஞ்ஜினை நிறுத்தவே கூடாது. டீசல் எவ்வளவு இருக்கு?”